பன்னிரண்டு மில்லிமீட்டர்ப் பாதை

பிள்ளைத்தமிழ் நூல்களைப் பயின்ற மாணவர்கள், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் யாது என்பதை நன்கு அறிவர். அது சிறுதேர்ப் பருவம். ஊர்த் தேர் அசைந்து வருவதைக் கண்ட சிறுவன், தன் கைக்கு அடங்கும் தேர் ஒன்று வேண்டுகிறான். தச்சன் செய்து தந்த அச்சிறு தேரைத் தெருவெல்லாம் உருட்டி மகிழ்கிறான். பெரியதொன்றைக் கண்டவுடன் அதனைச் சிறியதாக்கித் தனக்கே உரியதாக்கிக் கொள்ள விழைவது மனித இயல்பு. தேரைச் சிறுதேராக்கிய அவ்விழைவே, புகைவண்டி உலகிற்கு வந்தபின், புகைவண்டிக்கும் சிற்றுருவம் செய்தது.

அச்சிற்றுருவங்களின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று காண்போம். அது 12 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பாதையின் வரலாறு. ஒரு சுண்டுவிரலின் அகலமே உள்ள பாதைக்கு வரலாறும் உண்டோ என்று நேயர்கள் வியக்கலாம். உண்டு, அது வளர்ந்தது, தேய்ந்தது, மறைந்துவிட்டதோ என்று எண்ணும் நிலையில் மீண்டும் தழைத்தது. அன்றியும், அவ்வரலாற்றுக்கும் நமது விழுப்புரம் வட்டாரத்துக்கும் எதிர்பாராத உறவொன்று உண்டு. அவ்வுறவை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊர்ப் பாதையைப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து மேற்கே மாம்பழப்பட்டு, அயந்தூர், திருக்கோவலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும், அங்கிருந்து வேலூர், காட்பாடிக்கும் ஓர் இருப்புப்பாதை செல்கிறது. கண்டாச்சிபுரம் வட்டத்து மக்கள் இரயில் என்று சொன்னால், அவர்கள் உள்ளத்தில் முதலில் தோன்றுவது இப்பாதையே. இன்று இது அகலப்பாதை. ஆயின், 2010ஆம் ஆண்டை ஒட்டி மாற்றப் பணி நிறைவேறும் வரையில், நூறாண்டுக்கு மேலாக இது மீட்டர்ப் பாதையாகவே இருந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சரியாக 1 மீட்டர். அதுவே பெயர்க் காரணம்.

இந்நாட்டில் இருவகைப் பாதைகள் ஏன் தோன்றின? முதலில் இருப்புப்பாதை அமைக்கப் புகுந்தபோது, தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு அகன்ற பாதையே வேண்டும் என்றார். 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர், என்று முடிவாயிற்று. 1853இல் பம்பாயிலும், 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்தும் ஓடிய முதல் வண்டிகள் இவ்வகலத்தில் ஓடியவையே. அகன்ற பாதைக்குச் செலவு மிகுதி. ஆதலின் 1870ஐ ஒட்டி மேயோ பிரபுவின் ஆட்சியில், சிக்கனமான குறுகிய பாதை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அக்காலத்தில் இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுமுறையை மேற்கொள்ளும் என்று எதிர்பார்த்தனர். எனவே புதிய பாதைக்கு 1 மீட்டர் என்ற முழு அளவைத் தேர்ந்தனர். மெட்ரிக் முறையோ இந்தியா விடுதலை பெற்ற பின்னரே நடைமுறைக்கு வந்தது; மீட்டர்ப் பாதை மட்டும் முன்னதாகவே வந்துவிட்டது!

தென்னாட்டில் இதன் விளைவு பெரிது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே அகலப்பாதை இடப்பட்டிருந்தது. 1874இல் தென்னிந்திய இரயில்வே உருவானபின், அப்பாதை மீட்டர்ப் பாதையாகக் குறுக்கப்பட்டது. 1879இல் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. காலப்போக்கில் சென்னை, புதுச்சேரி, கடலூர், விருத்தாசலம், காட்பாடி என ஐந்து திசைப் பாதைகளும் கூடும் பெருஞ்சந்திப்பாக விழுப்புரம் வளர்ந்தது. வை.பி., வை.ஜி. என்னும் வகையைச் சேர்ந்த நீராவி எஞ்சின்களும், பின்னர் வை.டி.எம்.4 என்னும் டீசல் எஞ்சின்களும் அப்பாதைகளில் உழைத்தன. சென்னையிலிருந்து விழுப்புரம் வரையில் மீட்டர்ப் பாதையிலேயே மின்சார எஞ்சின்களும் ஓடின.

இருவகைப் பாதைகள் இருந்தால் இடர்ப்பாடும் உண்டு. ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. இரண்டும் கூடும் இடங்களில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு வண்டி மாற வேண்டும். இத்தொல்லையைப் போக்கவே 1992இல் நாடு முழுவதும் ஒரே பாதை என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 2004இல் சென்னையின் மீட்டர்ப் பாதைப் புறநகர் வண்டிகள் நின்றன. தமிழ்நாட்டில் இன்று மீட்டர்ப் பாதையில் வண்டி ஓடுவது நீலகிரி மலையில் மட்டுமே. இம்மாற்றம் வேண்டியதே, அதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும், ஒரு நூற்றாண்டு நம் மக்களைச் சுமந்த வண்டி எவ்வாறு இருந்தது என்பதை இன்று பள்ளியில் பயிலும் மாணவன் கண்டதில்லை. கண்டவர்களின் நினைவும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. இக்குறையை ஓரளவு நிறைவு செய்யும் ஆற்றல் மாதிரி இரயில் கலைக்கு உண்டு.

அக்கலையில் இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று அளவுத்திட்டம்; மற்றொன்று பாதை அகலம். உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்பது அளவுத்திட்டம். 1:87 எனில், 87 மீட்டர் நீளமுள்ளது 1 மீட்டராகிறது. நம் நாட்டுச் சிற்பிகளுக்கு இது புதிதன்று. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு திருமேனி முழுவதையும் அளக்கும் தாலமுறை அவர்களுடையது. சிலை சிறிதாயினும் பெரிதாயினும் உறுப்புகளின் விகிதம் மாறாது. பாதை அகலம் என்பதோ மாதிரித் தண்டவாளங்களின் இடைவெளி. இவ்விரண்டும் பொருந்தினால்தான் மாதிரி உண்மையாகும். பொருந்தாவிடில், பெரிய உடலுக்குச் சிறிய கால் வைத்ததுபோல் ஆகும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பொம்மைத் தொழிலாளரும் தத்தமக்குத் தோன்றிய அகலத்தில் பாதை செய்தனர். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் பாதையில் ஓடவில்லை. உண்மை இரயில்வேக்கு நேர்ந்த இடர்ப்பாடே பொம்மை இரயிலுக்கும் நேர்ந்தது! 1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தார் லைப்சிக் சந்தையில், எண்ணிட்ட சில அகலங்களை முறைப்படுத்தி வெளியிட்டனர். பின்னர் வீடுகள் சிறுக்கச் சிறுக்க, பாதைகளும் சிறுத்தன. பூச்சியம் என்னும் அளவு வந்தது. அதில் ஏறத்தாழப் பாதியான 16.5 மில்லிமீட்டர்ப் பாதை 1930களில் பரவியது. 1:87 அளவுத்திட்டத்தில் அதற்கு எச்.ஓ. என்பது பெயர், பாதிப் பூச்சியம் என்பது பொருள். 1935இல் அமெரிக்காவில் மாதிரி இரயில் ஆர்வலர்கள் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவிப் பொது அளவுகளை வகுத்தனர். 1954இல் ஐரோப்பியச் சங்கங்களும் ஒன்றுகூடி அவ்வாறே செய்தன.

இனி நம் 12 மில்லிமீட்டர்ப் பாதைக்கு வருவோம். 1945ஐ ஒட்டி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹால் ஜாய்ஸ் என்பவர் புதிய அளவொன்றை வகுத்தார். உண்மையில் 1 அடி உள்ளதை மாதிரியில் ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்காகக் கொண்டார். 12 அங்குலம் 1 அடியாதலின், இது 1:120 ஆயிற்று. பாதை அகலம் 12 மில்லிமீட்டர். 12ஐ 120ஆல் பெருக்கினால் 1,440 வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கும் பாதை 1,435 மில்லிமீட்டர். எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! மேசையின்மேல் அடங்கும் அளவு என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இதற்கு டி.டி. என்று பெயரிட்டனர். எச்.ஓ. அமைப்புக்கு வேண்டிய இடத்தில் ஏறக்குறையப் பாதி இடமே இதற்குப் போதும்.

1940களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ரோகால் நிறுவனமும் 12 மில்லிமீட்டர்ப் பாதையில் வண்டிகள் செய்தது. 1957இல் பிரிட்டனின் டிரை-ஆங் நிறுவனம் இத்துறையில் இறங்கியது. ஆனால் அங்கே ஒரு பிழை நேர்ந்தது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவிற் சிறியவை. அக்காலத்து மோட்டாரை அவற்றினுள் அடக்குவதற்காக, 1 அடிக்கு 3 மில்லிமீட்டர் என்று அளவுத்திட்டத்தைப் பெரிதாக்கினர், அதாவது 1:101.6. பாதையை மட்டும் 12 மில்லிமீட்டராகவே வைத்தனர். 14 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்திருக்க வேண்டிய பாதை இவ்வாறு 15 விழுக்காடு குறுகிற்று. வண்டி தோற்றத்தால் அழகாயிருந்தது; கணக்கோ பொருந்தவில்லை.

சில ஆண்டுகள் இவ்வளவு நன்கு விற்பனையாயிற்று. 1960களின் தொடக்கத்தில் நியூரம்பெர்க் நகரத்து ஆர்னால்டு நிறுவனத்தார் 9 மில்லிமீட்டர்ப் பாதையைக் கொணர்ந்தனர். அதற்கு என் அளவு என்று பெயர். ஒன்பதைக் குறிக்கும் சொல் பல ஐரோப்பிய மொழிகளில் அவ்வெழுத்தில் தொடங்குவதே காரணம். வடமொழியின் நவம் என்பதும் அவ்வொலியில் தொடங்குவதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். இன்னும் சிறிய வண்டி கிடைத்ததும், இட நெருக்கடி உடையோர் அதன்பால் சென்றனர். இட வசதி உடையோர் எச்.ஓ. அளவிலேயே நின்றனர். இடையில் இருந்த டி.டி. இரு பக்கமும் இழந்தது. 1960களின் முடிவுக்குள் டிரை-ஆங், ரோகால் ஆகிய இரு நிறுவனங்களுமே இவ்வளவைக் கைவிட்டன.

பெரும் வணிகர் கைவிட்ட பொருள் அழிந்துபோவதே உலக வழக்கம். டி.டி. அழியவில்லை. ஏன்? இரு காரணங்கள் உண்டு.

முதற் காரணம் கிழக்கு ஜெர்மனி. 1957இல் கிழக்கு பெர்லினின் சொய்கே-வெக்வெர்த் நிறுவனம் 1:120 அளவில் வண்டிகளை வெளியிட்டது. சிறிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த மக்களுக்கு அவ்வளவு ஏற்றதாயிருந்தது. 1972இல் அந்நிறுவனம் அரசுடைமையாயிற்று; பெர்லின் டி.டி. வண்டிகள் அண்டை நாடுகளுக்கும் சென்றன. ஆட்சி மாறி ஜெர்மனி ஒன்றானபின், 1990களில் செப்னிட்ஸ் நகரத்து டில்லிக் நிறுவனத்தார் அத்தொழிலை ஏற்று நடத்தினர். ஓர் அரசு மறைந்தது. அதன் சிறுவர்கள் விளையாடிய பாதை அளவு மறையவில்லை.

இரண்டாம் காரணம் ஆர்வலர் ஒற்றுமை. பிரிட்டனில் கடைகள் கைவிரித்தபோது, 1965இல் ஆர்வலர்கள் கூடி, 3 மில்லிமீட்டர்ச் சங்கம் என்று ஒன்றை அமைத்தனர். சக்கரம் கிடைக்கவில்லையா? சங்கமே சக்கரத்துக்கு ஏற்பாடு செய்தது. பாதை குறுகியதென்ற குறை உண்டா? 14.2 மில்லிமீட்டர்ப் பாதையை இட்டு, உறுப்பினர் சிலர் அக்குறையையும் திருத்திக்கொண்டனர். இதழ் நடத்தினர், செய்முறையை ஒருவருக்கொருவர் கற்பித்தனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அச்சங்கம் இயங்கி வந்துள்ளது.

2022இல் பிரிட்டனின் பீகோ, ஹார்ன்பி ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் டி.டி. அளவுக்குத் திரும்பின. பழைய 1:101.6ஐ அவை ஏற்கவில்லை. கணக்குப் பொருந்தும் 1:120ஐயே ஏற்றன. ஐரோப்பாவில் வழங்கிவந்த பொது அளவோடு தம் அளவையும் இணைத்துக்கொண்டன. வண்டி, வளைபாதை, மின் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை ஒரே பெட்டியில் இட்டு ஹார்ன்பி நிறுவனம் விற்றது. 1957இல் நேர்ந்த பிழை 65 ஆண்டுகளுக்குப் பின் திருத்தப்பட்டது என்று கூறலாம்.

ஓர் அரிய அளவு வளர்வதற்கு வேண்டியவை யாவை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பொதுவான அளவு வேண்டும். புதியவர் அச்சமின்றித் தொடங்கும் எளிய தொடக்கம் வேண்டும். சக்கரமும் பாதையும் இடையறாது கிடைத்தல் வேண்டும். விற்பவர் நீங்கினும் நீங்காத சங்கம் வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதன்மையானது. வணிகன் இலாபம் உள்ளவரை இருப்பான்; அன்புடையவன் இலாபம் இல்லாதபோதும் இருப்பான்.

இப்பொழுது நம் வட்டாரத்துக்கு மீள்வோம். 12ஐ 120ஆல் பெருக்கினோம். 87ஆல் பெருக்கினால் என்ன வரும்? 1,044 வரும். இது 1 மீட்டருக்கு மிக அணித்தானது; வேறுபாடு 4 விழுக்காட்டுக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. ஆகவே 1:87 அளவில் மீட்டர்ப் பாதை வண்டி செய்ய விரும்புவோருக்கு, டி.டி. பாதையே உரிய பாதையாகிறது. சுவிட்சர்லாந்து மலைகளில் ஓடும் மீட்டர்ப் பாதை வண்டிகளை பீமோ என்னும் ஜெர்மன் நிறுவனம் இம்முறையிலேயே செய்து புகழ் பெற்றது. ஆல்ப்ஸ் மலைக்குப் பொருந்தும் கணக்கு, திருக்கோவலூர்ப் பாதைக்கும் பொருந்தும் அன்றோ? மீட்டர் எங்கும் மீட்டரே. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நீராவியைக் கக்கிச் சென்ற வண்டி, இந்த 12 மில்லிமீட்டர்ப் பாதையில் மீண்டும் ஓட இடமுண்டு.

மற்றொரு வியப்பும் உண்டு. 1 அடிக்கு 3 மில்லிமீட்டர் என்ற பிரிட்டிஷ் அளவு, அந்நாட்டுப் பாதைக்குப் பொருந்தவில்லை என்று கண்டோம். அதே அளவில் நம் அகலப்பாதையைக் கணக்கிடுங்கள். 5 அடி 6 அங்குலம் என்பது ஐந்தரை அடி. ஐந்தரையை 3ஆல் பெருக்கினால் 16.5. உலகெங்கும் எளிதிற் கிடைக்கும் எச்.ஓ. பாதையின் அகலமும் 16.5 மில்லிமீட்டரே! 1:87 அளவில் செய்யும்போது நம் அகலப்பாதை 19 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும், 16.5 மில்லிமீட்டர்ப் பாதை அதற்குக் குறுகியது. பிறந்த நாட்டில் பொருந்தாத அளவு, இந்திய அகலப்பாதைக்கு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. எந்த அளவையும் அரியது, வழக்கொழிந்தது என்று எளிதில் தள்ளிவிடலாகாது என்பதற்கு இஃதொரு சான்று.

நம் நாட்டில் இக்கலைக்கு வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. புணே நகரில் பி. எஸ். ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தைப் பொருளாக்கி உருவாக்கிய சிற்றுரு இரயில் கூடம், 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புது தில்லியில் 1977இல் தேசிய இரயில் அருங்காட்சியகம் தோன்றியது. சென்னைப் பெரம்பூரிலும், திருச்சிராப்பள்ளியிலும் இரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. உண்மை வண்டிகளை அங்கே காணலாம். ஆனால் ஒரு நிலையம் எவ்வாறு இயங்கியது, நீர்த்தொட்டி எங்கே நின்றது, எஞ்சினைத் திருப்பும் மேடை எங்கே இருந்தது, சரக்குக் கொட்டகைக்குப் பாதை எவ்வாறு பிரிந்தது என்பனவற்றைத் தனி வண்டி ஒன்று கூறாது. அவற்றைக் கூற வல்லது நிலையத்தின் முழு மாதிரியே.

இங்கேதான் மாணவர்களின் பணி தொடங்குகிறது. தமிழ்நாட்டு மீட்டர்ப் பாதை வண்டிகள் ஆயத்தமாகக் கடையில் எளிதில் கிடைப்பவை அல்ல. ஆதலின் வாங்குவதிலிருந்து தொடங்காமல், அளப்பதிலிருந்து தொடங்குதல் நன்று. பள்ளி ஒன்றில் பத்து மாணவர் சேர்ந்தால் போதும். 1:87 என்ற ஒரே அளவை அனைவரும் ஏற்க வேண்டும்; ஒருவர் செய்த கட்டடம் மற்றவர் செய்த மேடைக்குப் பொருந்த வேண்டும் அன்றோ? நிலைய அலுவலரின் இசைவு பெற்று, பொதுமக்கள் நிற்கும் இடத்தில் மட்டும் நின்று, பழைய கட்டடம் எஞ்சியிருப்பின் அதனை அளக்கலாம். தண்டவாளத்தில் இறங்குதல் கூடவே கூடாது. ஓய்வுபெற்ற ஊழியர்களைக் கண்டு, அக்காலத்து அமைப்பைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பழைய நிழற்படங்களைத் திரட்டலாம். பிறகு கணக்கு: 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி மாதிரியில் 230 மில்லிமீட்டர் ஆகும், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் 19 மில்லிமீட்டர் ஆவான். தடித்த அட்டையும் பசையும் கத்தரியும் இருந்தால் நிலையம் எழும். வண்டி ஓடுவது பின்னர் ஆகட்டும். நிற்கும் வண்டியும் வரலாறு கூறும்.

அளப்பவன் ஊகத்தால் நிறைவு கொள்ள இயலாது. சன்னல் எத்தனை, கூரை ஓடா தகடா, பலகையில் ஊர்ப் பெயர் எம்மொழிகளில் எழுதப்பட்டிருந்தது என்று கேட்டுக் கேட்டு அறிந்தாக வேண்டும். கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் மறையவிருந்த ஒரு செய்தியைக் காக்கிறது. ஆதலின் மாதிரி செய்தல் விளையாட்டு மட்டுமன்று; அது வரலாறு எழுதும் முறைகளுள் ஒன்று. எழுத்தால் எழுதுவதை இங்கே அளவால் எழுதுகிறோம்.

நாகப்பட்டினத்தில் அகலப்பாதை மீட்டர்ப் பாதையாகக் குறுகியது. நூறாண்டு கடந்து, மீட்டர்ப் பாதை அகலப்பாதையாக விரிந்தது. பாதைகள் மாறிக்கொண்டேயிருக்கும், மாறுவதே அவற்றின் கடமை. மாறுவதற்கு முன் அளந்து வைத்துக்கொள்வது நம் கடமை. கண்டாச்சிபுரத்துப் பாட்டனார் ஒருவர், மாணவர் அமைத்த 12 மில்லிமீட்டர்ப் பாதையின் முன் குனிந்து பார்த்து, திருவண்ணாமலைத் தீபத்துக்குத் தாம் ஏறிச் சென்ற வண்டி இதுவே என்று தம் பேரனுக்குக் காட்டுவாரானால், அம்முயற்சி பயன் பெற்றதாகும். சிறுதேர் உருட்டிய நாட்டில் சிறு இரயில் ஓடுதல் அரிதன்று.